சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே

பழைய கணினிகளைப் பிரித்து உதிரிப்பாகமாக விற்கும் கடைக்குப் போனால், ஓர் இன்டெல் பிராசசரைக் கையில் வாங்கிப் பாருங்கள். மேலே வெள்ளி நிறத்தில் ஒரு தகட்டு மூடி இருக்கும். அதில் மாடல் எண், வேகம் எல்லாம் பொறித்திருக்கும். பழைய மாடல்களில் பல நேரம் அவற்றுக்குப் பக்கத்திலேயே ஆங்கில எழுத்தில் ‘மலாய்’ என்று ஒரு சொல்லும் இருக்கும். மலேசியா என்பதன் சுருக்கம் அது. (இப்போதெல்லாம் ‘செயலி’ என்று எழுதினால் கைப்பேசியில் இறக்கும் ஆப்பைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். அதனால் இந்த வாரம் முழுக்க பிராசசர் என்றே எழுதுகிறேன்.)

அந்த ஒரு சொல்லுக்காகவே பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கியவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். 1998 ஆகஸ்டில் இன்டெல் ‘செலரான் 300ஏ’ என்ற மலிவு விலை பிராசசரை வெளியிட்டது. வேகம் 300 மெகாஹெர்ட்ஸ், விலை 149 அமெரிக்க டாலர். அதே நாளில் வந்த பெரிய அண்ணன் பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ், 669 டாலர். நம் ஊரில் ரிங்கிட்டை ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டிவைத்தது அடுத்த மாதம்தான். அந்தக் கணக்கில் முதலாவது ஏறத்தாழ 566 வெள்ளி, இரண்டாவது 2,542 வெள்ளி. ஆனால் மதர்போர்டில் 66 என்றிருந்த பஸ் வேகத்தை 100 என்று மாற்றினால் போதும், 566 வெள்ளிச் சரக்கு 450 மெகாஹெர்ட்ஸில் ஓடத் தொடங்கியது. அதுவும் நின்று நிதானமாக ஓடியது. ஓவர்கிளாக் என்ற சொல்லைப் பலர் முதன்முதலாகக் கேள்விப்பட்டது அப்போதுதான். கோஸ்டா ரிக்காவிலிருந்து வந்தது நன்றாக ஓடுமா, மலேசியாவிலிருந்து வந்தது நன்றாக ஓடுமா என்று சண்டையே நடந்தது. பின்னால் வந்த தலைமுறைப் பிராசசர்களுக்கும் அந்தச் சண்டை தொடர்ந்தது.

என்னைக் கேட்டால் அது ராசிக்கல் பார்ப்பது மாதிரிதான். சிலிக்கானைச் சமைப்பது இங்கே இல்லை. இன்டெல்லின் சில்லுகள் ஓரெகன், அரிசோனா, அயர்லாந்து, இஸ்ரேல் போன்ற இடங்களில் வட்டத் தகடாக உருவாகின்றன. இங்கே நடப்பது அதற்குப் பிந்தைய வேலை: நறுக்குவது, தரம் பிரிப்பது, உறையில் அடைப்பது, சோதிப்பது. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் அது தொடங்கியது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் ஆலை அதுதான். பிறகு 1996இல் திறப்புவிழா கண்ட நம் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்கும் வந்தது. அந்தத் தகட்டை ஒவ்வொரு சில்லாகத் தொட்டுப் பார்த்துத் தேறியதையும் தேறாததையும் பிரிக்கும் வேலையும், தேறியதை அறுத்து எடுக்கும் வேலையும் கூலிமில் நடக்கின்றன. சில்லுகளைச் சோதிக்கும் கருவிகளைக்கூட இங்கேயே செய்கிறார்கள். லுனாஸ் சாலையில் அதிகாலையில் தொழிற்சாலை பஸ் பிடிக்கும் நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் எதற்குப் போகிறார்கள் என்று கேட்டால், உலகத்துப் பிராசசர் எவ்வளவு தாங்கும் என்று முடிவுகட்டத்தான் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லலாம்.

தரம் பிரிப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நம் தாத்தா பாட்டி காலத்தில் புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, ஆர்.எஸ்.எஸ். 1, 2, 3 என்று தரம் போட்டார்கள். ஒரே மரத்துப் பால், ஒரே புகைக்கூடம், ஆனாலும் ஷீட்டுக்கு ஷீட் வித்தியாசம் வரும். சில்லும் அப்படித்தான். ஒரே தகட்டில் விளைந்த சில்லுகளில் ஒன்று குறைந்த வோல்டேஜிலேயே துள்ளி ஓடும், இன்னொன்று அதே வேகத்துக்குக் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். துள்ளி ஓடுவதற்குப் பெரிய பெயரும் பெரிய விலையும் கிடைக்கும். மற்றதற்குச் சின்னப் பெயர். அதோடு முடிவதில்லை. சூடும் வோல்டேஜும் ஏற்றி ஓடவிட்டு, சீக்கிரம் சாகப் போகிறதைத் தொழிற்சாலையிலேயே சாகவிட்டுவிடுவார்கள். பிழைத்ததற்கு ஒரு வேகத்தை எழுதும்போது, அது தாங்கும் எல்லையை எழுதுவதில்லை. கொஞ்சம் கீழே எழுதுவார்கள்.

அந்தக் ‘கொஞ்சம்’ எதற்கு என்பது வானொலியில் வேலை பார்க்கிறவர்களுக்கு எளிதாகப் புரியும். கட்டுப்பாட்டு மேசையில் ஒலி அளவைக் காட்டும் விளக்குகள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏறும். சிவப்புக்குச் சற்றுக் கீழே நிறுத்திப் பேசுவோம். யாராவது திடீரென்று சிரித்தால், இருமினால், அந்த இடைவெளிதான் காப்பாற்றும். இடைவெளியைத் தின்றுவிட்டு உரக்கப் பேசினால் முதல் சிரிப்பிலேயே குரல் உடைந்து போகும். பிராசசருக்கும் சிரிப்பு, இருமல் எல்லாம் உண்டு: வெயில் மதியம், தூசி அடைத்த மின்விசிறி, சற்றே தள்ளாடும் மின்சாரம், ஐந்து வருட வயது. ஓவர்கிளாக் என்பது அந்த இடைவெளியில் கைவைப்பது. 1998இல் அது அகலமாக இருந்தது. இன்றைய பிராசசர் தன் சூட்டையும் மின்சாரத்தையும் தானே அளந்து, தாங்கும்வரை தானே வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. அதாவது தொழிற்சாலையே பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டுத்தான் நம்மிடம் அனுப்புகிறது. மிச்சம் இருப்பது கொசுறு.

இத்தனையும் எழுதக் காரணம், பாடாங் செராயிலிருந்து ஒரு தம்பி அனுப்பிய குரல் பதிவு. “அக்கா, நீங்க கணினி பத்தி எழுதுறீங்கல்ல, என் பிசியை ஓவர்கிளாக் பண்ணணும். ஒரு வீடியோவுல ஒரு அண்ணன் வோல்டேஜ் 1.4 போடு, 4.8 கிகாஹெர்ட்ஸ் ஓடும்னு சொல்றாரு. போடலாமா?” பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அம்மா தொழிற்பூங்காவில் இரவு ஷிப்ட். கணினி தவணையில் எடுத்தது, இன்னும் எட்டு மாதம் கட்ட வேண்டும். அதே கணினியில்தான் இறுதியாண்டு புரொஜெக்ட், அதிலேயே வார இறுதியில் திருமண வீடியோ வெட்டி ஒட்டிக் கொஞ்சம் சம்பாதிக்கிறான், இரவில் வாலோரண்ட் விளையாடுகிறான். அந்த வீட்டில் இன்னொரு கணினி கிடையாது.

பாயான் லெப்பாஸில் ஓர் ஆலையின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் சித்தப்பாவிடம் கேட்டேன். சிரித்தார். “வேகம் என்னாம்மா வேகம். எங்க வேலை, அது எப்போ விழுதுன்னு பாக்குறது. விழுற இடத்தைத் தெரியாம ஓட்டுறவன்கிட்ட என்னத்த சொல்ல?”

சரி, கணக்கைப் பார்த்துவிடுவோம். பிராசசரின் வேகம் இரண்டு எண்களைப் பெருக்கினால் வருவது. அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 48 என்றால் 4.8 கிகாஹெர்ட்ஸ். ஓவர்கிளாக் செய்கிறவர்கள் இன்று பெரும்பாலும் பெருக்கியைத்தான் தொடுகிறார்கள். பெருக்கியை ஏற்றினால் ஒரு கட்டத்தில் சில்லு தடுமாறும். தடுமாற்றத்தை நிறுத்த வோல்டேஜ் கொடுக்க வேண்டும். தொல்லை அங்கேதான். சில்லு வேலை செய்யும்போது வெளிவிடும் வெப்பம் வேகத்தோடு நேராக ஏறும், ஆனால் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் மட்டும் 10 விழுக்காடு கூடினால் வெப்பமும் 10 விழுக்காடு. கூடவே வோல்டேஜும் 10 விழுக்காடு ஏறினால் 1.1ஐ மூன்று முறை பெருக்க வேண்டும்: 33 விழுக்காடு. பத்துக்கு ஆசைப்பட்டு முப்பத்து மூன்றுக்குச் செலவு. உலகச் சாதனைக்காரர்கள் 2022 டிசம்பரில் முதன்முறையாக 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது திரவ ஹீலியம் ஊற்றித்தான். அது ராக்கெட் விடுவது. நம் கதை வேறு.

நம் கதையில் இன்னொரு பாத்திரம் வெயில். நாம் பார்க்கும் வெளிநாட்டு வீடியோக்களில் அறை வெப்பம் 20, 22 டிகிரி. கூலிமில் மதியம் இரண்டு மணிக்கு ஏர்கோன் இல்லாத அறையில் 32, 33. காற்றால் குளிர்விக்கும் எந்தக் கூலரும் அறையின் வெப்பத்துக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் வேலை செய்யும். அங்கே 78 டிகிரியில் நிற்கும் அதே பிராசசர் இங்கே ஏறத்தாழ 89இல் நிற்கும். எந்தக் கட்டுரையையோ வீடியோவையோ பார்த்தாலும் அவர்கள் சொல்லும் வெப்பத்தோடு பத்துப் பதினொன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டினால் எல்லையைத் தொடுகிறது என்றால் அந்த அமைப்பு நமக்கு ஆகாது.

சூடும் கூடுதல் வோல்டேஜும் சேர்ந்தால் என்ன ஆகும்? உடனே புகை வராது. வந்தாலும் நல்லது என்பேன், தெரிந்துவிடுமே. சில்லுக்குள் இருக்கும் கம்பிகள் நினைத்துப் பார்க்க முடியாத அளவு மெலிந்தவை. அதிக மின்னோட்டம் அதிகச் சூட்டில் ஓடும்போது உலோக அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக இடம்பெயரும், ஆற்று நீர் கரையை அரிப்பது போல. முதலில் 1.25 வோல்ட்டில் ஓடிய வேகத்துக்கு ஓராண்டு கழித்து 1.28 கேட்கும். நீங்கள் எதையும் மாற்றியிருக்க மாட்டீர்கள், கணினி மட்டும் காரணமில்லாமல் நின்று நின்று போகும்.

இது பயமுறுத்தல் அல்ல, நடந்தது. 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை உயர்ரக டெஸ்க்டாப் பிராசசர்களில் உலகம் முழுவதும் புகார் கிளம்பியது. புதிய விளையாட்டுகள் பாதியில் செத்தன. திரையில் வந்த செய்தியோ, வீடியோ நினைவகம் போதவில்லை என்றது. பலர் கிராபிக்ஸ் கார்டைக் குறைசொன்னார்கள். உண்மையில் தடுமாறியது பிராசசர். கூடுதல் வோல்டேஜும் சூடும் சேர்ந்து, சில்லுக்குள் துடிப்பை விநியோகிக்கும் சுற்று முன்கூட்டியே மூப்படைந்திருந்தது. பிராசசர் தன் மைக்ரோகோட் வழியாகத் தேவைக்கு அதிகமான வோல்டேஜைக் கேட்டது ஒரு காரணம். இன்னொன்றைக் கவனியுங்கள். ஐ9-13900கே என்ற மாடலுக்கு இன்டெல் எழுதிய உச்ச மின் அளவு 253 வாட். பல மதர்போர்டுகள் பெட்டியைப் பிரித்த நிலையிலேயே அந்த இடத்தில் 4,000 வாட்டுக்கு மேல் ஓர் எண்ணைப் போட்டு வைத்திருந்தன. அதாவது வரம்பே இல்லை. வாங்கியவர் ஓவர்கிளாக் என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார், அவர் கணினி மட்டும் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தது. இன்டெல் 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் திருத்தங்களை வெளியிட்டது, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. அந்தத் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருக்கிறவர்கள் பயாஸைப் புதுப்பித்தீர்களா என்று இன்றைக்கே பாருங்கள். ஏற்கெனவே அரித்துப்போன சில்லை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. அதற்கு ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு உத்தரவாதம் கேட்க வேண்டியதுதான்.

ஏஎம்டி பக்கமும் சுத்தமில்லை. 2023இல் ரைசன் 7000எக்ஸ்3டி வகையில் சில பிராசசர்கள் மதர்போர்டோடு சேர்ந்து கருகின. நினைவகத்தின் வேகத்தை ஏற்றும் எக்ஸ்போ அமைப்பைப் போட்டால் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜைத் தாமாகவே ஏற்றிவிட்டன. பிறகு ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு கட்டியது. இரண்டு சம்பவத்திலும் பயனர் கை வைக்கவில்லை, ‘ஆட்டோ’ என்ற சொல்தான் கை வைத்தது. அதனால் என் முதல் ஆலோசனை ஓவர்கிளாக் செய்வதற்கு முன்பே வருகிறது: பயாஸுக்குள் போய், உங்கள் போர்டு ஏற்கெனவே உங்களைக் கேட்காமல் ஓவர்கிளாக் செய்திருக்கிறதா என்று பாருங்கள்.

என்னைக் கவலைப்படுத்துவது சில்லு சாவது அல்ல. தவறாகக் கணக்குப் போடுவது. தடுமாறும் பிராசசர் நீலத் திரை காட்டி நின்றால் தப்பித்தோம். நிற்காமல், ஒரு கோப்பைச் சேமிக்கும்போது ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டு ஓடிக்கொண்டே இருந்தால்? அந்தத் தம்பியின் புரொஜெக்ட் ஒரு நாள் திறக்காது. யாரோ ஒருவர் வீட்டுத் தாலிகட்டு வீடியோவில் நடுவே பச்சைக் கட்டங்கள் விழும். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், மன்னிக்கவும், இன்னொரு முறை கட்டச் சொல்லுங்கள் என்று கேட்க முடியுமா?

ஆகவே தொடுவதற்கு முன் கோப்புகளையெல்லாம் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். பயாஸ் திரைகளைக் கைப்பேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டில் சிமோஸை அழிக்கும் ஜம்பர் எங்கே என்று கையேட்டில் பாருங்கள். திரை வராமல் போனால் அதுதான் மீட்கும். அதுவும் இல்லையென்றால் மின்சாரத்தைத் துண்டித்து, அந்த வட்ட பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் வைத்துப் போட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் மாற்றாதீர்கள்.

அடுத்து, எதையும் மாற்றாமல் அளந்து பாருங்கள். எச்டபிள்யு இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் வெப்பம், வோல்டேஜ், வாட் எல்லாவற்றையும் காட்டும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு சினிபெஞ்சை அரைமணி நேரம் ஓட்டுங்கள். இரவு பதினொரு மணிக்கு அல்ல, மதியம் இரண்டு மணிக்கு. வெறும் அளவீட்டிலேயே 85ஐத் தாண்டுகிறதென்றால் ஓவர்கிளாக் பேச்சு அங்கேயே முடிந்தது. கூலரை மாற்றிவிட்டு வாருங்கள்.

இடம் இருக்கிறதென்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நினைவகத்தைத் தொடாமல் பெருக்கியை மட்டும் 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்றி, பத்து நிமிடம் சோதனை. பிறகு இன்னொரு 100. வோல்டேஜை ஆட்டோவில் விட்டால் போர்டு தாராளப் பிரபு மாதிரி அள்ளிக் கொடுக்கும், எனவே கையால் ஓர் எண்ணைப் போடுங்கள், ஏற்ற வேண்டி வந்தால் 0.01, 0.02 என்று ஏற்றுங்கள். எத்தனை வோல்ட் வரை போகலாம் என்று எல்லாரும் கேட்பார்கள். அதற்கு ஒரே எண் இல்லை. பத்தாண்டுக்கு முந்தைய இன்டெல்லுக்குச் சரியாக இருந்த வோல்டேஜ், இழை சிறுத்துப்போன இன்றைய ரைசனுக்கு விஷம். அந்தத் தம்பி வீடியோவில் பார்த்த 1.4 யாருடைய பிராசசருக்கு? எந்தக் கூலரில்? எத்தனை மாதம் ஓடியது? வீடியோவில் அந்த அண்ணன் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினார், அவ்வளவுதான்.

தடுமாறும் இடம் வந்ததும் மேலும் வோல்டேஜ் கொடுத்துத் துரத்தாமல் ஒரு படி, முடிந்தால் இரண்டு படி இறங்கிவிடுங்கள். இறங்கிய இடத்தில்தான் நீண்ட சோதனை. பிரைம்95 அல்லது ஓசிசிடி பல மணி நேரம், நினைவகத்துக்கு மெம்டெஸ்ட்86 ஓர் இரவு. அதோடு விண்டோஸின் ஈவெண்ட் வியூவரைத் திறந்து டபிள்யு.எச்.இ.ஏ. என்ற பெயரில் பதிவு ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணினி நிற்காமல் ஓடியிருக்கும், ஆனால் அங்கே பிழை எழுதியிருக்கும். வன்பொருள் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்ட தவறு அது. நான் முன்பு சொன்ன மௌனத் தவறுக்கு முதல் தும்மல் அதுதான். ஒரே ஒரு பதிவு இருந்தாலும் இன்னும் ஒரு படி இறங்குங்கள்.

உத்தரவாதத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஓவர்கிளாக் செய்வதற்கென்றே திறந்துவிட்ட மாடல்களை விற்றுக்கொண்டே, ஓவர்கிளாக் செய்தால் உத்தரவாதம் செல்லாது என்று இரண்டு நிறுவனங்களும் எழுதி வைத்திருக்கின்றன. மீன் கடையில் மீனைத் தொடாதே என்பது போல எனக்குப் படுகிறது, ஆனால் விதி அதுதான். முன்பு இன்டெல் தனியாகப் பணம் கட்டினால் ஓவர்கிளாக்குக்கும் ஒரு காப்புத் திட்டம் கொடுத்தது. 2021இல் அதை நிறுத்திவிட்டது.

தம்பியின் கணினிக்கு வருவோம். ரைசன் 5 5600, பெட்டியோடு வந்த சின்ன கூலர், ஒரு நடுத்தர கிராபிக்ஸ் கார்டு, 60 ஹெர்ட்ஸ் திரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடியோ அழைப்பில் உட்கார்ந்தோம். சினிபெஞ்ச் ஓட்டினால் 89 டிகிரி. பக்கத் தகட்டைக் கழற்றச் சொன்னேன். கூலரின் இடுக்கெல்லாம் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி தூசி. வீட்டில் பூனை வேறு. துடைத்து, பழைய தெர்மல் பேஸ்டை வழித்துப் புதிதாகப் பூசி மாட்டியதும் 81.

பிறகு நினைவகத்தைப் பார்த்தோம். பெட்டியில் 3200 என்று எழுதியிருக்கிறது, ஓடுவது 2133. கடையில் யாரும் எக்ஸ்எம்பியைத் திறந்துவிடவில்லை. 3200 வரை அந்தப் பிராசசருக்கு ஏஎம்டியே அனுமதித்த வேகம். அதைத் திறந்து மெம்டெஸ்ட் ஓட்டினோம், பிழை இல்லை. விளையாட்டில் தடக் தடக் என்று நிற்பது குறைந்துவிட்டது என்றான். அவனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, வாலோரண்ட்ல இப்ப எத்தனை பிரேம் வருது?” இருநூறுக்குப் பக்கம் என்றான். 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு விநாடிக்கு அறுபது படத்துக்கு மேல் காட்டாது. மிச்சத்தில் பெரும்பகுதி அவன் கண்ணுக்கு வருவதே இல்லை. கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப நான் மானிட்டருக்குக் காசு சேர்க்கணுமாக்கா?”

இருந்தாலும் ஆசையாகக் கேட்ட பிள்ளை. ஒன்றும் செய்யாமல் அனுப்ப மனமில்லை. ரைசன் 5000 வகையில் கர்வ் ஆப்டிமைசர் என்று ஒன்று உண்டு, பல பி450, பி550 போர்டுகளின் பயாஸில் இருக்கும். வேகத்துக்குத் தேவையான வோல்டேஜைச் சிறிது சிறிதாகக் குறைக்கச் சொல்லும் இடம் அது. கழித்தல் 5, கழித்தல் 10 என்று இறங்கினோம். சில்லு தாங்கியது. கழித்தல் 20இல் ஈவெண்ட் வியூவரில் ஒரு பதிவு விழுந்தது. 15க்குத் திரும்பினோம், அதில் பதிவு இல்லை. மதிய வெயிலில் சினிபெஞ்ச் 74 டிகிரி. சூடு குறைந்ததால் பிராசசர் தானே முன்பைவிட உயர்ந்த வேகத்தில் அதிக நேரம் நின்றது. வீடியோ ஏற்றுமதியும் கொஞ்சம் சீக்கிரம் முடிகிறது. ஓவர்கிளாக் என்று கேட்டு வந்தவனுக்கு வோல்டேஜைக் குறைத்துக் கொடுத்து அனுப்பினேன். சித்தப்பாவிடம் சொன்னபோது, “ஆமா, அந்தச் சில்லுல இருந்த மிச்சத்தை வேகமா எடுக்காம குளுமையா எடுத்துட்டீங்க” என்றார்.

இந்த வழிக்கும் அதே நீண்ட சோதனை தேவை. வோல்டேஜ் குறைந்தாலும் தடுமாறும், கூடினாலும் அரிக்கும். குறைத்ததால் சில்லு தேயாது என்பதுதான் வித்தியாசம். தடுமாறினால் பழைய எண்ணைப் போட்டுவிட்டுப் போகலாம்.

கூலிமில் பலர் வீட்டில் இருப்பது அலுவலகங்களிலிருந்து கழித்து விற்கப்பட்ட பழைய பிராண்ட் கணினி. அவற்றின் போர்டுகள் பெருக்கியைத் தொடவே விடாது. இன்டெல்லில் பெயரின் கடைசியில் ‘கே’ இல்லாத மாடல்கள் பெரும்பாலும் பூட்டியவை. ஏஎம்டியில் பிராசசர் திறந்திருந்தாலும் ‘ஏ’ வரிசை மலிவு போர்டு பூட்டிவிடும். அவர்கள் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஒற்றை நினைவகத் தட்டு இருந்தால் அதே மாதிரி இன்னொன்றை வாங்கி இரட்டையாகப் போடுங்கள், ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள். எந்த ஓவர்கிளாக்கையும்விட அது கண்ணுக்குத் தெரியும்.

பெயர் தெரியாத மலிவு பவர் சப்ளையில் மட்டும் இந்த வேலை எதையும் செய்ய வேண்டாம். ஏற்றிய வேகம் முதலில் அதைத்தான் உலுக்கும். நம் பக்கம் மாலை நான்கு மணிக்கு வானம் கறுத்து இடி இறங்கும் நாட்களில் சோதனையை ஓடவிட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். வீட்டு இணையப் பெட்டியிலிருந்து வரும் லேன் கம்பியையும் சேர்த்துப் பிடுங்குங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள், இடி மறப்பதில்லை. அந்தத் தம்பியின் அம்மா இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவர். கணினிக்குப் பக்கத்தில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் ‘இடி வந்தால் இரண்டு கம்பி’ என்று எழுதி ஒட்டியிருக்கிறாராம்.